டீசலா ஹைப்ரிடா? ஷோரூம் போறதுக்கு முன்னாடி போட வேண்டிய கணக்கு

எங்க சொந்தத்துல, ஆபீஸ்ல, அபார்ட்மெண்ட்ல யாரு புதுசா கார் எடுக்கப் போனாலும் இப்பல்லாம் கடைசியா வந்து நிக்கிற கேள்வி இது ஒண்ணுதான், டீசல் எடுக்கவா ஹைப்ரிட் (பெட்ரோல் இஞ்சினோட கரண்ட் மோட்டாரும் சேந்த வண்டி) எடுக்கவா. நான் ரெண்டையுமே சொந்தக் காசுல வாங்கி ஓட்டிட்டேன். 2014லேருந்து ஒரு பிஎஸ்4 டீசல், 2021ல ஒரு பிஎஸ்6 டீசல் (பிஎஸ்ங்கிறது அரசாங்கத்தோட புகை விதி, நம்பர் ஏற ஏற கண்டிப்பு ஜாஸ்தி), இப்ப ரெண்டு வருஷமா ஹைப்ரிட். இருக்கறது மேடவாக்கம், வேலை சோழிங்கநல்லூர், ஊர் காரைக்குடி பக்கம். இதுல நடுவுல வாங்கின டீசல்ல எனக்கு நல்ல பணம் போச்சு, மன உளைச்சலும் ஆச்சு, அது வண்டியோட தப்பு இல்ல, என் ஓட்டத்துக்கு ஒத்து வராத வண்டியை நான் எடுத்ததுதான் தப்பு. அந்தத் தப்பை முதல் தடவை கார் வாங்கற யாரும் பண்ணக் கூடாதுங்கிறதுக்காகத்தான் இவ்ளோ நீளமா எழுதறேன், பொறுமையா படிங்க.

முதல் வேலை: ரெண்டு வாரம் நோட்டு எழுதுங்க

யூடியூப் பாக்கறதுக்கு முன்னாடி, ஷோரூம்ல போன் நம்பர் குடுக்கறதுக்கு முன்னாடி இதைப் பண்ணுங்க. இப்ப கார் இல்லன்னா பைக்ல, டாக்சியில போறதை வச்சே எழுதலாம். தெனமும் எங்கிருந்து எங்க போனீங்க, எத்தனை கிலோமீட்டர், எத்தனை நிமிஷம் ஆச்சு, நடுவுல நிக்காம 60க்கு மேல போற ரோடு எவ்ளோ தூரம் இருந்துச்சு, இந்த நாலும் போதும். கூடவே ஊருக்குப் போறது, கோயிலுக்குப் போறது, கல்யாணம் காதுகுத்துன்னு வருஷத்துல எத்தனை தடவை நீள ஓட்டம் வருதுன்னு ஞாபகத்துல இருந்து எழுதிக்கங்க.

நிறைய பேர் மாசம் எத்தனை கிலோமீட்டர்னு மட்டும்தான் பாக்கறாங்க, "மாசம் 1500க்கு மேல ஓடினா டீசல்"னு ஒரு பழைய கணக்கு எல்லார் வாயிலயும் இருக்கு. அந்தக் கணக்கு பொறந்த காலத்துல டீசல் விலையை அரசாங்கம் புடிச்சு வச்சிருந்தது. 2012ல பெட்ரோலுக்கும் டீசலுக்கும் லிட்டருக்கு 30 ரூபாய்க்கு மேல வித்தியாசம் இருந்துச்சு. 2014 அக்டோபர்ல டீசல் விலைக் கட்டுப்பாட்டையும் எடுத்துட்டாங்க, அதுக்கப்புறம் அந்த வித்தியாசம் சுருங்கிச் சுருங்கி இப்ப சென்னையில எட்டு ஒம்பது ரூபாய்ல நிக்குது. அதனால அந்தப் பழைய கணக்கை மறந்துடுங்க. எத்தனை கிலோமீட்டர்ங்கிறதை விட அது எந்த மாதிரி கிலோமீட்டர்ங்கிறதுதான் இப்ப முக்கியம்.

எனக்கு எட்டு கிலோமீட்டர் ஆபீஸ் போக காலைல 35 நிமிஷம் ஆகும், அப்படின்னா சராசரி வேகம் மணிக்கு 14 கிலோமீட்டர்கூட இல்ல. எங்க மச்சான் ஒட்டன்சத்திரத்துல காய்கறி யாவாரம், வாரத்துல மூணு நாலு நாள் கோயம்புத்தூர், மதுரைன்னு போயிட்டு வருவாரு, அவரு சராசரி எப்படியும் 50க்கு மேல. அவரும் நானும் வருஷத்துக்கு ஒரே அளவு ஓட்டினாக்கூட ஒரே கார் எங்க ரெண்டு பேருக்கும் சரியா வராது. உங்க நோட்டுல சராசரி 20க்குக் கீழ வந்தா உங்க பார்வை ஹைப்ரிட் பக்கம் போகணும், 45, 50க்கு மேல வந்தா டீசலை நல்லா யோசிக்கணும், நடுவுல இருந்தா கீழ வர்ற கணக்கைப் போட்டே ஆகணும்.

ஹைப்ரிட்னு பேர் போட்டதெல்லாம் ஹைப்ரிட் இல்ல

புதுசா வர்றவங்க ஏமாறுற முதல் இடம் இது. மைல்டு ஹைப்ரிட்னு ஒண்ணு, ஸ்ட்ராங் ஹைப்ரிட்னு ஒண்ணு. மாருதியோட சியாஸ்ல 2015லேயே வந்துச்சு ஒரு ஸ்மார்ட் ஹைப்ரிட், அப்புறம் எர்டிகா, எக்ஸ்எல்6ன்னு நிறைய வண்டியில வந்துச்சு, அதெல்லாம் மைல்டு. சிக்னல்ல இஞ்சினை நிறுத்தி ஸ்டார்ட் பண்ணும், கெளம்பும்போது கொஞ்சம் தள்ளி விடும், அவ்ளோதான், வண்டி வெறும் கரண்ட்ல ஒரு அடி கூட நகராது. சாதா பெட்ரோல் காரா நெனச்சு வாங்கினா தப்பே இல்ல, ஹைப்ரிட் மைலேஜ் வரும்னு நெனச்சு வாங்கினாத்தான் ஏமாற்றம்.

ஸ்ட்ராங் ஹைப்ரிட்ல பெரிய மோட்டாரும் தனி ஹை வோல்டேஜ் பேட்டரியும் இருக்கும், டிராஃபிக்ல ஊர்ந்து போறப்ப இஞ்சின் அணைஞ்சு மோட்டார்லயே போகும், பிரேக் புடிக்கறப்ப வீணாப் போற வேகத்தைக் கரண்டாக்கி பேட்டரியில போட்டுக்கும். சார்ஜர்ல சொருகற வேலையே கெடையாது. நம்ம ஊர்ல கெடைக்கறதுன்னா டொயோட்டா ஹைரைடர், மாருதி கிராண்ட் விட்டாரா, ஹோண்டா சிட்டி இஎச்இவி, பெருசா வேணும்னா இன்னோவா ஹைகிராஸ், அதோட மாருதி வடிவமான இன்விக்டோ. ஹைரைடர், கிராண்ட் விட்டாரா ரெண்டுலயும் மைல்டு ஹைப்ரிட்டும் இருக்கு ஸ்ட்ராங் ஹைப்ரிட்டும் இருக்கு, ஒரே பேரு, ஒரே தோற்றம், அதனால கொட்டேஷன்ல எந்த வேரியண்ட்னு எழுத்து எழுத்தா பாத்து வாங்குங்க. ஹைகிராஸ்லயும் சாதா பெட்ரோல் வேரியண்ட் தனியா இருக்கு.

கியர்பாக்ஸ் பத்தி ஒரு பயம் நெறைய பேருக்கு இருக்கு, "சிவிடி பெல்ட் போயிடும்"னு. சிவிடிங்கிறது பெல்ட்ல ஓடற ஒரு ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ். டொயோட்டா ஹைப்ரிட்ல இருக்கற இசிவிடியில பெல்ட்டே கெடையாது, ரெண்டு மோட்டாரும் ஒரு பிளானட்டரி கியரும்தான் (ஒரு பல்சக்கரத்தைச் சுத்தி மத்தது ஓடற அமைப்பு), 1997ல ஜப்பான்ல பிரியஸ் வந்ததுலேருந்து அதே தத்துவம்தான் ஓடிட்டிருக்கு. கிளட்ச் பிளேட் மாத்தற செலவும் இல்ல. பிரேக் பேடும் ரொம்ப நாள் வரும், ஏன்னா பாதி பிரேக் வேலையை மோட்டாரே பாத்துக்குது.

கிலோமீட்டருக்கு எத்தனை ரூபாய்

பிரவுச்சர்ல இருக்கற மைலேஜை வச்சு கணக்கு போடாதீங்க. ஹைரைடர் ஹைப்ரிட்டுக்கு 27.97னு போட்டிருக்கும், கிரெட்டா டீசல் மேனுவலுக்கு 21.8னு போட்டிருக்கும், அதெல்லாம் லேப்ல உருளை மேல வண்டியை ஓட்டி எடுத்த நம்பர். ஒரு வண்டியோட இன்னொரு வண்டியை ஒப்பிட உதவும், உங்க பர்ஸுக்கு உதவாது. அதே வண்டி வச்சிருக்கற ரெண்டு மூணு பேர்கிட்ட புல் டேங்க் டூ புல் டேங்க் எவ்ளோ வருதுன்னு கேளுங்க, சிட்டி தனியா ஹைவே தனியா. டிஸ்ப்ளேல காட்டறதை அப்படியே நம்பாம, பங்க் பில்லை வச்சு சொல்றவங்க கணக்கை நம்புங்க.

நான் போட்ட கணக்கைக் காட்டறேன், உங்க நம்பரைப் போட்டு மாத்திக்கங்க. பெட்ரோல் 101 ரூபாய், டீசல் 92.50ன்னு வச்சிருக்கேன். சிட்டியில என் ஹைப்ரிட் லிட்டருக்கு 21 குடுக்குது, முன்னாடி வச்சிருந்த டீசல் ஆட்டோமேட்டிக் 13தான் குடுத்துச்சு. ஹைப்ரிட்டுக்கு கிலோமீட்டருக்கு 4.81 ரூபாய், டீசலுக்கு 7.12 ரூபாய். ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 2.31 ரூபாய் வித்தியாசம், மாசம் 1000 கிலோமீட்டர் சிட்டிக்குள்ளயே ஓட்டினா 2300 ரூபாய்.

அதே ஹைவேயில எடுத்தா கதை மாறுது. சென்னையிலேருந்து தெக்கே போற ஜிஎஸ்டி ரோட்டுல 100ல போனா ஹைப்ரிட் 19, டீசலும் 19. இப்ப ஹைப்ரிட்டுக்கு 5.32, டீசலுக்கு 4.87, டீசல் 45 பைசா சீப். ஏன் இப்படின்னா, ஹைவேல பிரேக்கே புடிக்காம ஒரே சீரா போறப்ப ஹைப்ரிட்டுக்குப் புடிச்சு சேக்கறதுக்கு வேகம் வீணாப் போறதே இல்ல, அது ஒரு சாதாரண நல்ல பெட்ரோல் இஞ்சின் மாதிரிதான் ஓடுது. டீசல்ல ஒரு லிட்டர்லயே சக்தி அதிகம், இஞ்சினும் அந்த மாதிரி ஓட்டத்துலதான் நல்லா எரிக்கும். 120ல அழுத்திப் போற பழக்கம் இருந்தா ஹைப்ரிட் இன்னும் இறங்கும்.

இந்த நம்பரை வச்சு பாத்தா, நூறு கிலோமீட்டர்ல 84க்கு மேல ஹைவேயா இருந்தாத்தான் எரிபொருள் செலவுல டீசல் ஜெயிக்குது. ஆனா ஒரு விஷயம், டீசல் மேனுவல் எடுத்து நிதானமா ஓட்டறவங்க இருக்காங்க, எங்க மச்சான் மாதிரி, அவருக்கு சிட்டியில 15, ஹைவேல 21 வருது. அதைப் போட்டா நூத்துக்கு 60 கிலோமீட்டர் ஹைவே இருந்தாலே டீசல் ஜெயிச்சுடுது. பாருங்க, ஒரே ஒரு கியர்பாக்ஸ் மாறினதுக்கு பதில் எவ்ளோ தள்ளிப் போகுதுன்னு. அதனாலதான் யாரோ சொன்ன முடிவை எடுத்துக்காதீங்க, கணக்கை எடுத்துக்கங்கன்னு சொல்றேன்.

இன்னொண்ணு, இப்ப பங்க்ல வர்ற பெட்ரோல் இ20, அதாவது 20% எத்தனால் கலந்தது. எத்தனால்ல சக்தி பெட்ரோலை விட மூணுல ஒரு பங்கு கம்மி, அதனால எந்தப் பெட்ரோல் வண்டியா இருந்தாலும் மைலேஜ் கொஞ்சம் இறங்கத்தான் செய்யும். அஞ்சு வருஷத்துக்கு முன்னாடி எடுத்த மைலேஜ் நம்பரை வச்சு ஹைப்ரிட் கணக்கு போடாம இப்பத்திய நம்பரையே கேட்டு வாங்குங்க.

கூடக் குடுக்கற பணம் திரும்ப வருமா

எரிபொருள் மிச்சம் ஒரு பக்கம், வாங்கும்போது கூடப் போற பணம் இன்னொரு பக்கம். ரெண்டு வண்டியோட ஆன்ரோடு விலையை, அதாவது வரி, இன்சூரன்ஸ் எல்லாம் சேத்த விலையை எழுதி வாங்குங்க, எக்ஸ்ஷோரூம் விலை வேண்டாம், ஏன்னா தமிழ்நாட்டுல 2023 நவம்பர்லேருந்து புது கார் வாழ்நாள் வரியே 10 லட்சத்துக்கு மேல 18%, 20 லட்சத்துக்கு மேல போனா 20%. விலையில இருக்கற ஒரு லட்சம் வித்தியாசம் ரோட்டுக்கு வர்றப்ப இன்னும் பெருசாகும். 2024ல உத்தரப் பிரதேசத்துல ஸ்ட்ராங் ஹைப்ரிட்டுக்கு ரெஜிஸ்ட்ரேஷன் வரியைத் தள்ளுபடி பண்ணினாங்க, அதைப் பத்தின வீடியோ எதையாவது பாத்துட்டு இங்கயும் அந்த விலை இருக்கும்னு போகாதீங்க.

ஜிஎஸ்டி வரி 2025 செப்டம்பர் 22லேருந்து மாறிடுச்சு. நாலு மீட்டருக்குள்ள இருக்கற, 1500 சிசிக்குள்ள இருக்கற டீசல் கார்னா 18%. அதாவது நெக்ஸான், சோனெட், எக்ஸ்யூவி 3எக்ஸ்ஓ மாதிரி சின்ன டீசல் எல்லாம் இந்த 18%ல வந்துடுது. நாலு மீட்டரைத் தாண்டின கிரெட்டா, செல்டோஸ் டீசலுக்கும் 40%, ஹைரைடர் ஹைப்ரிட்டுக்கும் 40%. அதனால சின்ன டீசலையும் பெரிய ஹைப்ரிட்டையும் பக்கத்துல வச்சா விலை வித்தியாசம் ரொம்பப் பெருசாத் தெரியும், அது நியாயமான ஒப்பீடும் இல்ல, முதல்ல உங்க குடும்பத்துக்கு எந்த அளவு வண்டி வேணும்னு முடிவு பண்ணிட்டு அப்புறம் உள்ள என்ன இஞ்சின்னு பாருங்க.

ஒரு உதாரணம். டீசலை விட ஹைப்ரிட் ஆன்ரோடுல ஒரு லட்சம் கூடன்னு வச்சுப்போம். சிட்டியில கிலோமீட்டருக்கு 2.31 மிச்சம்னா 43,000 கிலோமீட்டர் ஓட்டினதும் அந்த ஒரு லட்சம் திரும்பிடும், மாசம் 1000ன்னா மூணரை வருஷம். இது எனக்கு சரி. ஆனா மாசம் 400, 500தான் ஓட்டுவேன்னா? அப்ப ஏழுலேருந்து ஒம்பது வருஷம் ஆகும், அந்த மாதிரி இருக்கறவங்களுக்கு நான் டீசலும் சொல்ல மாட்டேன் ஹைப்ரிட்டும் சொல்ல மாட்டேன், சாதா பெட்ரோலை எடுத்துட்டு மிச்சப் பணத்தை பேங்க்ல போடுங்க. ரிட்டயர் ஆன எங்க அப்பாவுக்கு அதைத்தான் வாங்கிக் குடுத்தேன்.

டிபிஎஃப், இதைத் தெரியாம டீசல் எடுக்காதீங்க

இதுதான் என் பணத்தைத் தின்ன இடம். 2020 ஏப்ரல் 1லேருந்து விக்கிற பிஎஸ்6 டீசல் கார்ல சைலன்சர் லைன்ல ஒரு ஃபில்டர் இருக்கும், டிபிஎஃப்னு சொல்வாங்க. புகையில வர்ற கரித்தூளை அது புடிச்சு வச்சுக்கும். புடிச்சு வச்சா நெறையும்தானே, அதனால அப்பப்ப அதுக்குள்ள 600 டிகிரி கிட்ட சூட்டை ஏத்தி கரியை எரிச்சு சாம்பலாக்கிடும், இதைத்தான் ரீஜெனரேஷன்னு சொல்றாங்க. அந்தச் சூடு வரணும்னா வண்டி ஒரு 15, 20 நிமிஷம் நிக்காம நல்ல வேகத்துல போகணும்.

என் ஓட்டம் எட்டு கிலோமீட்டர், முக்கால்வாசி ஃபர்ஸ்ட் செகண்ட் கியர்ல. இஞ்சின் சூடாகி அது எரிக்க ஆரம்பிக்கறதுக்குள்ள ஆபீஸ் பார்க்கிங் வந்துடும், வண்டியை அணைச்சுடுவேன். சாயங்காலம் மறுபடி அதே கதை. நாலு மாசத்துல மஞ்ச லைட் எரிஞ்சுது, எனக்கு அது என்னன்னே தெரியல, டெலிவரி குடுத்தப்ப ஒருத்தரும் சொல்லவும் இல்ல. பாத்துக்கலாம்னு விட்டுட்டேன், ஒரு நாள் பிக்கப்பே இல்லாம வண்டி முக்கிட்டு நின்னுச்சு. சர்வீஸ் சென்டர்ல கம்ப்யூட்டர் போட்டு எரிச்சு விட்டாங்க, மறுபடி மூணு மாசத்துல வந்துச்சு. அதுக்கப்புறம் ஞாயித்துக்கிழமை காலைல வண்டலூர் தாண்டி செங்கல்பட்டு வரைக்கும் சும்மா போயிட்டு வர்றது ஒரு வழக்கமாயிடுச்சு, அந்த டீசல் காசும் என் கணக்குலதான் சேரும். இன்னொரு சிக்கல், பாதியில பாதியில எரிப்பு நின்னா எரியாத டீசல் இஞ்சின் ஆயில்ல போய்க் கலக்கும், ஆயில் பாக்கற கம்பியில, அதான் டிப்ஸ்டிக்ல, அளவு ஏறும். ஆயில் கூடிப் போச்சேன்னு சந்தோஷப்படற விஷயம் இல்ல அது, உடனே மாத்தணும்.

சரி, டீசல்தான் உங்களுக்கு ஒத்து வருதுன்னு முடிவு பண்ணிட்டா இதெல்லாம் பழகிக்கங்க. வாரத்துக்கு ஒரு தடவையாவது 60, 70ல 20 நிமிஷம் நிக்காம ஓட்டுங்க, டாப் கியர்ல சோம்பலா போகாம ஒரு கியர் கம்மியா போட்டு ஆர்பிஎம் (இஞ்சின் நிமிஷத்துக்கு எத்தனை சுத்து சுத்துதுங்கிற கணக்கு) 2000க்கு மேல வச்சு போங்க. ஐடிலிங் (வண்டி நிக்கறப்ப இஞ்சின் ஓடற வேகம்) வழக்கத்தை விட ஏறியிருக்கு, ஃபேன் சத்தமா ஓடுது, மைலேஜ் மீட்டர் திடீர்னு இறங்குதுன்னா உள்ள எரிஞ்சுட்டிருக்குன்னு அர்த்தம், அப்ப வண்டியை அணைக்காதீங்க, இன்னொரு ரவுண்டு போயிட்டு வாங்க. லைட் எரிஞ்சா அன்னைக்கே ஹைவே ஏறுங்க. மேனுவல்ல சொன்ன கிரேடு ஆயிலைத் தவிர வேற ஊத்த விடாதீங்க, டிபிஎஃப் வண்டிக்கு சாம்பல் கம்மியான ஆயில் தனியா இருக்கு. ஃபில்டரையே கழட்டி எறிஞ்சுட்டு ஓட்டலாம்னு சொல்ற மெக்கானிக்குங்க இருக்காங்க, தயவு செஞ்சு பண்ணாதீங்க, அந்தக் கரி நம்ம பசங்க மூச்சுலதான் போகும், எமிஷன் விதிப்படி குத்தமும் கூட.

எக்ஸ்யூவி700 மாதிரி பல டீசல் வண்டியில ஆட்ப்ளூன்னு ஒரு யூரியா தண்ணிக்குத் தனி டேங்க் இருக்கும், தீர்ந்து போச்சுன்னா வண்டி திரும்ப ஸ்டார்ட் ஆகாது. பெரிய செலவு இல்ல, ஆனா மீட்டரைப் பாத்து ஊத்திக்கணும். அதோட மூடியும் டீசல் மூடியும் பக்கத்துப் பக்கத்துல இருக்கற வண்டியா இருந்தா பங்க்ல நீங்களே இறங்கி நின்னு பாருங்க, மாத்தி ஊத்தினா பெரிய நஷ்டம்.

நியாயமா ஒண்ணு சொல்லணும், ரொம்பக் குட்டி ஓட்டம், ரெண்டு கிலோமீட்டர் ஸ்கூல் விட்டுட்டு வர்றது மட்டும்தான்னா ஹைப்ரிட்டும் அவ்ளோ மைலேஜ் தராது, காலைல இஞ்சின் சூடாகறதுக்காக கொஞ்ச நேரம் ஓடியே தீரும். ஆனா மைலேஜ் குறையுமே தவிர டீசல் மாதிரி அடைச்சுக்காது.

மலை, லோடு, ஆள் கணக்கு

அஞ்சு பேர், பின்னாடி மூட்டை, மேல கேரியர்னு போறவங்களுக்கு டீசலோட சுகமே தனி. கிரெட்டா டீசல்ல 250 நியூட்டன் மீட்டர் டார்க் (இழுக்கற சக்தி) 1500 ஆர்பிஎம்லேயே வந்துடும், இன்னோவா கிரிஸ்டாவுல 343. லாரியை ஓவர்டேக் பண்றப்ப சும்மா மிதிச்சா போதும். ஹைப்ரிட்ல மோட்டார் தள்ளற வரைக்கும் நல்லா இருக்கும், பேட்டரி இறங்கிட்டா இஞ்சின் மட்டும் கத்தும், வேகம் மெதுவா ஏறும். கொல்லிமலை 70 கொண்டை ஊசியை நாலு பேரோட ஹைப்ரிட்ல ஏறியிருக்கேன், ஏறிடும், நிக்கவெல்லாம் செய்யாது, ஆனா அந்தச் சத்தம் புதுசா ஓட்டறவங்களுக்கு வண்டிக்கு ஏதோ ஆயிடுச்சுன்னு பயத்தைக் குடுக்கும்.

இறங்கறப்ப இன்னொரு பாடம் இருக்கு. ஊட்டியிலேருந்து மேட்டுப்பாளையம் இறங்கறது கிட்டத்தட்ட 1900 மீட்டர் உயரம். நாலு பேரோட வண்டி 1600 கிலோன்னு வச்சா அந்த இறக்கத்துல இருக்கற சக்தி சுமார் 8 யூனிட் கரண்ட். ஹைரைடர் பேட்டரியோட மொத்தக் கொள்ளளவே 0.76 யூனிட்தான். அப்ப குன்னூர் வர்றதுக்குள்ளயே பேட்டரி நெறைஞ்சுடும், அதுக்கப்புறம் மோட்டார் புடிக்கற பிடி குறைஞ்சு போகும். இது தெரியாம பிரேக்கை மட்டும் மிதிச்சுட்டே வந்தா பிரேக் சூடாகிடும். கியர் லீவர்ல B-ன்னு ஒரு எழுத்து இருக்கும் (பார்க்கிங்குக்கு இருக்கற P இல்ல), இறக்கம் ஆரம்பிக்கறப்பவே அதைப் போடுங்க, பேட்டரி நெறைஞ்சாலும் இஞ்சினைச் சுத்த வச்சு வேகத்தைப் புடிக்கும். டீசல் மேனுவல்காரங்க பழையபடி எந்த கியர்ல ஏறினீங்களோ அந்த கியர்ல இறங்குங்க. அடிக்கடி மலைக்குப் போறவங்க, வால்பாறை, கொடைக்கானல்ல எஸ்டேட் வேலை உள்ளவங்கன்னா நான் டீசல்தான் சொல்வேன்.

டிக்கியையும் பாத்துடுங்க. ஹைரைடர், கிராண்ட் விட்டாரா ஹைப்ரிட்ல பேட்டரி பின்னாடி இருக்கறதால டிக்கி இடம் சாதா பெட்ரோலை விட குறைவு. ஷோரூமுக்குப் போறப்ப வீட்டுல இருக்கற பெரிய பெட்டியை எடுத்துட்டுப் போய் வச்சுப் பாருங்க, கூச்சப்படாதீங்க, நான் எங்க ஊர் அரிசி மூட்டை அளவுக்கு ஒரு அட்டைப்பெட்டியையே கொண்டு போனேன்.

டெஸ்ட் டிரைவ்

ஷோரூம்காரங்க காட்டற அந்த ரெண்டு கிலோமீட்டர் சுத்து எதுக்கும் ஆகாது. நீங்க தெனமும் போற ரோட்டுல, நீங்க போற நேரத்துல, வீட்டுக்காரங்களையும் பெரியவங்களையும் பின்னாடி உக்கார வச்சு, ஏசி போட்டு ஓட்டிப் பாருங்க. ஹைப்ரிட்னா பல்லாவரம் மாதிரி நெரிசல்ல அரைமணி நேரம் போனாத்தான் அதோட அருமை தெரியும். மே மாச வெயில்ல சிக்னல்ல நிக்கறப்ப இஞ்சின் அணைஞ்சிருக்கும், ஆனா ஏசி ஓடிட்டே இருக்கும், கம்ப்ரசரே கரண்ட்ல ஓடறதால. அந்த அமைதி பழகிட்டா திரும்ப டீசல் அதிர்வுல உக்காரக் கஷ்டமாத்தான் இருக்கு. அப்புறம் ஒரு நல்ல ஃபிளைஓவர்ல அழுத்திப் பாத்து அந்த இஞ்சின் சத்தம் உங்களுக்கு ஒத்துக்குதான்னு முடிவு பண்ணுங்க. டீசல்ல நெரிசல்ல ஊர்ந்து பாருங்க, கிளட்ச் கனம் முட்டிக்குத் தாங்குமான்னு தெரியும், எங்க அம்மாவுக்கு பின் சீட்ல அதிர்வு ஒத்துக்கல, அதுவும் ஒரு காரணமா எடுத்துக்கங்க.

பேட்டரி பயம், தண்ணி பயம்

"பேட்டரி போனா என்ன பண்றது"ன்னு எல்லாரும் கேப்பாங்க. டொயோட்டா, ஹோண்டா ரெண்டு பேரும் ஹைப்ரிட் பேட்டரிக்கு 8 வருஷம் இல்லேன்னா 1,60,000 கிலோமீட்டர், எது முதல்ல வருதோ அது வரைக்கும் வாரண்டி குடுக்கறாங்க. உங்க நோட்டைப் பாத்து அந்த எட்டு வருஷத்துல எவ்ளோ ஓட்டுவீங்கன்னு கணக்கு போட்டா பாதி பயம் போயிடும். நீங்க பாத்துக்க வேண்டியது ஒண்ணுதான், பேட்டரியைக் குளிர வைக்கிற காத்து பல மாடல்ல பின் சீட் பக்கத்து ஓட்டை வழியாத்தான் போகும், அதுக்கு ஃபில்டரும் இருக்கும். அந்த ஓட்டை மேல துணி, பையைப் போட்டு அடைக்காதீங்க, சர்வீஸ்ல அந்த ஃபில்டரை சுத்தம் பண்ணச் சொல்லிக் கேளுங்க, கேக்கலன்னா விட்டுடுவாங்க. சாதா 12 வோல்ட் பேட்டரி ஹைப்ரிட்லயும் உண்டு, ஊருக்குப் போய் மாசக்கணக்குல நிறுத்தி வச்சா அது இறங்கி வண்டி எழுந்திருக்காது.

2015 டிசம்பரையும் 2023 மிக்ஜாம் புயலையும் பாத்த சென்னைக்காரங்களுக்கு இது முக்கியம். தண்ணி கார் தரைக்கு மேல ஏறிடுச்சுன்னா டீசலோ ஹைப்ரிட்டோ ஸ்டார்ட் பண்ணவே கூடாது. ஹைப்ரிட்ல அதுக்கும் மேல ஒண்ணு, ஆரஞ்சு கலர்ல போற கேபிள் எல்லாம் ஹை வோல்டேஜ், அதைத் தெரியாத மெக்கானிக் கை வைக்கவே கூடாது, லாரியில ஏத்தி கம்பெனி சர்வீஸுக்குத்தான் போகணும். இன்சூரன்ஸ் எடுக்கறப்ப இஞ்சின் ப்ரொடெக்ட் (தண்ணி புகுந்து இஞ்சின் போனா காசு குடுக்கற கூடுதல் பாதுகாப்பு) போடுங்க, அதுல ஹைப்ரிட் பேட்டரியும் மோட்டாரும் சேருதான்னு எழுத்துல கேட்டு வாங்குங்க, வாய்ல சொல்றதை எடுத்துக்காதீங்க.

சர்வீஸ் சென்டர் தூரமும் இதே மாதிரிதான். ஒட்டன்சத்திரத்துல டீசல் கைவேலை தெரிஞ்ச மெக்கானிக் தெருவுக்கு ஒருத்தர் இருக்காங்க, ஹைப்ரிட்டுக்கு மச்சான் கம்பெனி சர்வீஸைத் தேடி திண்டுக்கல்லோ அதுக்கு மேலயோ போகணும். சென்னையில அது ஒரு பிரச்சனையே இல்ல.

டீசல் நாளைக்கே நின்னு போயிடுமான்னும் கேக்கறாங்க. மாருதி 2020 ஏப்ரல்ல டீசலை விட்டுடுச்சு, ஹோண்டாவும் 2023ல விட்டுடுச்சு, ஆனா ஹூண்டாய், கியா, டாட்டா, மஹிந்திரா வித்துட்டுத்தான் இருக்காங்க. பத்து வருஷ டீசலை ஓட்டக் கூடாதுங்கிற உத்தரவு டெல்லி வட்டாரத்துக்கு வந்தது, தமிழ்நாட்டுக்கு அது கெடையாது. அதனால ஹைவே ஓட்டம் உள்ளவங்க பயந்துட்டு டீசலை விட வேண்டாம். டெல்லியிலேருந்து சீப்பா வருதுன்னு பழைய டீசல் வாங்கறவங்க மட்டும் என்ஓசி (அந்த ஊர் ஆர்டிஓ குடுக்கற தடையில்லாச் சான்று), இங்க மறுபடி கட்டற வரி, டிபிஎஃப் நிலைமை மூணையும் பாத்துட்டு கைய நீட்டுங்க.

புக் பண்ணிட்டீங்களா, டெலிவரி அன்னைக்கு முதல் வேலையா டேங்கை முழுசா நெரப்பி ஓடோமீட்டரை அந்தப் பழைய நோட்டுலயே எழுதுங்க. ஒவ்வொரு தடவை போடறப்பவும் லிட்டரும் கிலோமீட்டரும் எழுதிட்டே வாங்க. ஹைப்ரிட் எடுத்தவங்களுக்கு ஒரே ஒரு ஓட்டும் பழக்கம் சொல்லித் தரேன், சிக்னல் தூரத்துல செவப்பாத் தெரிஞ்சதும் அப்பவே காலை எடுத்து மெதுவா நீளமா பிரேக்கை அழுத்துங்க, கடைசி நேரத்துல நறுக்குன்னு புடிச்சா அந்த வேகம் பேட்டரிக்குப் போகாம பிரேக் பேட்ல சூடாத்தான் போகும். எனக்கு முதல் மாசம் 18 வந்துச்சு, இந்த ஒரு பழக்கத்துல மூணாவது மாசம் 21 ஆச்சு, நோட்டுல அப்படியே இருக்கு.